15 கடல் மைல்

திமிங்கிலம் பார்க்க மலையிலிருந்து கடலுக்கு வான் ஏறும் காலம் இது. பார்ப்பது எதை, விரட்டுவது எதை, காப்பாற்றத் தவறுவது எதை?

நள்ளிரவுக்குச் சற்று முன் ஹந்தானை வீதியின் வளைவொன்றில் வான் உறுமிக்கொண்டு நிற்கிறது. கம்பளிச் சட்டைக்குள் தூங்கி வழியும் பிள்ளைகள், மடியில் சம்பல் வைத்த பாண் பொட்டலம், அம்மம்மாவின் கையில் சித்தாலேப டப்பி. பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவையில் வளைந்து இறங்கி, கடவத்தையில் அதிவேகப் பாதையைப் பிடித்தால் விடியும்போது மிரிஸ்ஸ துறைமுகம். மலைக்குளிரில் ஏறியவர்கள் உப்புக்காற்றில் இறங்குகிறார்கள். செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கி, வாந்தி மாத்திரை, இஞ்சி பிஸ்கட். ஆறரை மணிக்கு எஞ்சின் கிளம்புகிறது.

தெவுந்தர வெளிச்சவீடு இடப்பக்கம் சிறுத்துப்போன பிறகும் நெடுநேரம் வெறும் அலைதான். திடீரென்று மேல்தளத்திலிருந்து ஒரு பையன் "தல்மஸா!" என்று கத்துகிறான். தொலைவில் வெண்மையாய் ஓர் ஊற்று எழுந்து காற்றில் கலைகிறது. நாலு பக்கத்துப் படகுகளும் அந்தத் திசைக்கு மூக்கைத் திருப்புகின்றன. டீசல் புகைக்கு நடுவே சாம்பல் நீல முதுகொன்று எழும்பி, நழுவி, இன்னும் நழுவி, முடியப்போகிற இடத்தில் சின்னஞ்சிறு துடுப்பைக் காட்டுகிறது. அடுத்த மூச்சில் வால் நிமிர்கிறது, நீர் வடிகிறது, செங்குத்தாக உள்ளே போகிறது. பத்து நிமிடத்துக்கு இனி ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கைத்தட்டல், மறு பக்கம் ஓங்கரிப்பு.

அதே நேரம் படகின் மறுபக்கத்தில், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், கொள்கலன்களை மாடி மாடியாக அடுக்கிய கப்பலொன்று கிழக்கே போகிறது. அதன் பின்னால் இன்னொன்று. அதை யாரும் படம் எடுப்பதில்லை. இந்தப் பயணத்தில் கட்டாயம் கவனிக்க வேண்டிய காட்சி அந்தக் கப்பல்தான்.

சிட்னி வீடியோவும் மிரிஸ்ஸ வாலும்

கண்டியில் திமிங்கிலப் பேச்சு பாதி வீடுகளில் வாட்ஸ்அப்பில்தான் தொடங்குகிறது. சிட்னியில் இருக்கும் சித்தி ஜூன், ஜூலையில் ஒரு வீடியோ அனுப்புவார். முழு உடம்பும் தண்ணீரை விட்டு மேலே பாய்ந்து, முதுகுப்புறமாகத் திரும்பி, கடலே அதிர விழும். அது கூன்முதுகுத் திமிங்கிலம். அந்தாட்டிக் கடலிலிருந்து குட்டி ஈனவும் இணை சேரவும் வடக்கே வந்து திரும்பும் கூட்டம் மே முதல் நவம்பர் வரை ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் போகிறது. வேட்டையால் 1960களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கியிருந்த கூட்டம் அது. இன்று 40,000ஐத் தாண்டிவிட்டது. 2022இல் ஆஸ்திரேலியா தன்னுடைய ஆபத்துப் பட்டியலிலிருந்தே அதை எடுத்துவிட்டது. கொல்வதை நிறுத்தினால் கடல் திருப்பிக் கொடுக்கும் என்பதற்கு இவ்வளவு துலக்கமான சான்று வேறில்லை.

அந்த வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு மிரிஸ்ஸவில் ஏறுகிறவர் ஏமாறுவார். நம் தென்கடலின் நாயகன் நீலத் திமிங்கிலம். உலகில் இதுவரை வாழ்ந்த உயிர்களில் மிகப் பெரியது அதுவே. இங்கு உலவுவது 'குள்ள' நீலத் திமிங்கிலம் என்ற உட்பிரிவு என்கிறார்கள். குள்ளம் என்ற பெயரோடு இரண்டு இ.போ.ச. பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம் இருக்கும். அது பாய்வது அபூர்வம். மூச்சு, முதுகு, வால் என்ற மூன்றையும் பார்த்தவர் முழுக்காட்சியும் பார்த்தவர். வேறு பல கடல்களில் நீலத் திமிங்கிலம் வாலைத் தூக்காமலே மூழ்கிவிடுகிறது. இலங்கையில் வால் தூக்கிக் காட்டுவது வழக்கமான காட்சி. ஆக, நமக்குக் கிடைப்பது குறைவானதல்ல.

ஆனால் இதைப் படகில் ஏற்றும்போது யாரும் சொல்வதில்லை. ஏமாந்த பயணி ஓட்டியைப் பார்த்து "இன்னும் கிட்டப் போங்க" என்கிறார். ஓட்டிக்கு நல்ல பெயர் வேண்டும், நாளைய முன்பதிவு வேண்டும். விரட்டல் அங்கேதான் தொடங்குகிறது.

[பெட்டி] எங்கே, எப்போது?

மிரிஸ்ஸ, தெற்கு: நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நீலத் திமிங்கிலம், ஸ்பேர்ம் திமிங்கிலம், ஓங்கில்கள்.

கற்பிட்டி, வடமேற்கு: அதே பருவம். நூற்றுக்கணக்கில் துள்ளும் சுழல் ஓங்கில் கூட்டங்களுக்குப் பெயர்பெற்ற இடம். ஸ்பேர்ம் திமிங்கிலக் கூட்டங்களும் வரும்.

திருகோணமலை, கிழக்கு: ஏறக்குறைய மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. தெற்கில் கடல் கொந்தளிக்கும்போது இங்கே அமைதி. ஆழம் கரைக்கு மிக அருகில் தொடங்குவதால் கோணேஸ்வரர் கோயில் பாறையில் நின்றே நீரூற்றைக் கண்டவர்கள் உண்டு.

கூன்முதுகுத் திமிங்கிலம்: இலங்கையில் இதற்கென்று நம்பத்தக்க பருவம் கிடையாது. கண்டால் அதிர்ஷ்டம்.

போர் மூடிய கடல்

1979இல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக அறிவித்தது. முன்மொழிந்தது சீஷெல்ஸ் என்ற குட்டித் தீவு நாடு. அந்தச் சரணாலயத்தில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க 1980களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் வந்தார்கள். தேடி வந்தது ஸ்பேர்ம் திமிங்கிலத்தை. திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் உணவு தேடி உலவுவதையும் கண்டார்கள். அபிகேல் ஆலிங் அவற்றை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அடையாளம் காணத் தொடங்கினார். 1983க்குப் பிறகு அந்தக் கடலில் யார் போவது? ஆய்வு நின்றது. உலகின் மிகச் சிறந்த திமிங்கிலக் கடல்களில் ஒன்று கால் நூற்றாண்டு கடற்படை வரைபடத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

தெற்கின் கதை வேறு. சுனாமிக்குப் பின் மிரிஸ்ஸ இளைஞர்கள் பிழைப்புத் தேடியபோது, மாலைதீவில் நெடுங்காலம் இருந்த கடலுயிர் ஆய்வாளர் சார்ள்ஸ் அண்டர்சனின் ஊகம் ஒன்று துணைக்கு வந்தது. அரபிக்கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே போய்வரும் நீலத் திமிங்கிலங்கள் டிசம்பர்–ஜனவரியிலும் ஏப்ரலிலும் தெவுந்தர முனையைக் கடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. 2006இலிருந்து படகில் போய்ப் பார்த்தார்கள், திமிங்கிலங்கள் இருந்தன. சில வருடங்களில் மீன்பிடித் துறைமுகம் ஒன்று சுற்றுலாத் துறைமுகமாகிவிட்டது. 2009இல் போர் ஓய்ந்ததும் உப்புவெளி, நிலாவெளிப் படகுகளும் புறப்பட்டன.

இந்தத் திமிங்கிலங்கள் அந்தாட்டிக்குக்குப் போவதில்லை, வெப்பக் கடலிலேயே தின்று வாழ்கின்றன என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கையர் ஆஷா டி வோஸ். 2003இல் ஆய்வுக் கப்பலொன்றில் இருந்தபோது நீரில் மிதந்த செந்நிறத் திமிங்கில மலத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்தப் பொறி தட்டியது: தின்னாத விலங்கு கழிக்காதே! பின்னாளில் அவருடைய குழு, அவை இங்கே தின்பது பெரும்பாலும் ஒரு வகைச் சிற்றிறாலை என்றும் காட்டியது. மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலத்தின் உணவு கிரில்.

அரபிக்கடலின் அநாதைகள்

கூன்முதுகைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறோம். சிட்னி வீடியோவில் பாய்வது பிழைத்து மீண்ட கூட்டம். நம் பக்கத்துக் கடலில் இருப்பதோ உலகிலேயே மிகத் தனித்துப்போன கூட்டம். அரபிக்கடல் கூன்முதுகுத் திமிங்கிலம் துருவத்துக்குப் போவதே இல்லை. வருடம் முழுதும் இங்கேயே தின்று, இங்கேயே இணை சேர்ந்து, இங்கேயே பாடுகிறது. சுமார் 70,000 வருடங்களாக மற்றவற்றோடு கலக்கவில்லை என்கிறது 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு. ஓமானில் படங்களை ஒப்பிட்டுக் கணக்கெடுத்தவர்கள் 82 என்று மதிப்பிட்டார்கள். அங்கே நூறுக்குள் என்றால், ஆஸ்திரேலியாவின் 40,000 எங்கே, இது எங்கே?

இதற்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1966 நவம்பரில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியக் கரையோரங்களில் 200க்கு மேற்பட்ட கூன்முதுகுகளைச் சட்டவிரோதமாகக் கொன்றன. உலகுக்கு அது தெரியவந்தது 1990களில், சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, விஞ்ஞானி யூரி மிகலேவ் கணக்கை வெளியிட்டபோது. ஒரே மாதத்து வேட்டையிலிருந்து அந்தக் கூட்டம் அரை நூற்றாண்டு கடந்தும் மீளவில்லை.

நமக்கும் அதற்கும் உறவு உண்டா? உண்டு. 1982இல் வைட்ஹெட் குழு ஓமான் கடலில் மட்டுமல்லாமல் இலங்கைக் கடலிலும் கூன்முதுகின் பாட்டைப் பதிவு செய்தது. 2017இன் கடைசியில் ஓமானில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கிலம் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து, பிறகு ஊர் திரும்பியது. குமரிமுனைக்கும் நம் மேற்குக் கரைக்கும் இடையில் ஒரு திமிங்கிலத்துக்கு எத்தனை நாள் நீச்சல் இருக்கும்? ஆகவே மிரிஸ்ஸவிலோ கற்பிட்டியிலோ நீண்ட வெண்ணிறக் கைத்துடுப்போடு ஒன்று தென்பட்டால், வாலின் அடிப்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுங்கள். கைரேகை மாதிரி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அடையாளம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் செல்போன் படமும் ஆய்வுக்கு உதவலாம்.

கொழும்பு துறைமுகத்தின் விருந்தாளி

2012 மார்ச்சில் கொழும்பு துறைமுகத்துக்குள் நுழைந்த கொள்கலன் கப்பலொன்றின் முன்மூக்கில் ஒரு நீலத் திமிங்கிலம் மடிந்து தொங்கியது. துறைமுகம் வந்துசேரும் வரை அது அப்படியே வந்திருக்கிறது.

தெவுந்தர முனையைச் சுற்றிச் செல்லும் பாதை உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. சூயஸிலிருந்து மலாக்கா வரை ஓடும் வணிகத்தின் பெருஞ்சாலை அது. நாளொன்றுக்கு நூறு கப்பல்களுக்கு மேல். ஆழ்கடல் நீர் மேலெழுந்து இறால் கூட்டம் திரளும் இடமும் அதேதான். நீலத் திமிங்கிலத்தின் உணவு மேசையும் கப்பல்களின் நெடுஞ்சாலையும் ஒரே பாயில் விரிக்கப்பட்டிருக்கின்றன.

திமிங்கிலம் விலகிப் போகாதா என்று கேட்கலாம். கலிபோர்னியாவில் நீலத் திமிங்கிலங்களின் உடலில் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் ஓடவில்லை. மெதுவாகக் கீழே இறங்கப் பார்த்தன, பல நேரம் போதிய வேகத்தில் அல்ல. இந்த உடம்பு உருவான நெடுங்காலத்தில் கப்பலைப் போன்ற ஆபத்தொன்று கடலில் இருந்ததில்லை. தப்பி ஓடும் பழக்கம் எங்கிருந்து வரும்? கப்பல் பக்கமும் கதை இதே. இரும்பு மலையொன்றைச் சட்டென்று நிறுத்தவோ திருப்பவோ முடியாது. மோதியதே மாலுமிக்குத் தெரியாமல் போகும். கொழும்பில் தெரியவந்தது, உடல் மூக்கில் சிக்கியதால்தான். பெரும்பாலான உடல்கள் ஆழத்துக்குப் போய்விடும். எனவே கரையில் ஒதுங்கியதை மட்டும் எண்ணி 'இவ்வளவுதான் சாவு' என்று ஆறுதல் கொள்வது தன்னைத்தானே ஏமாற்றுவது.

இதற்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் ஆத்திரத்தை உண்டாக்கும் விஷயம். ருகுணப் பல்கலைக்கழகத்தின் திலக் பிரியதர்ஷனவும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் படகில் போய்த் திமிங்கிலங்கள் எங்கே எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று கோடு கோடாக அளந்தார்கள். 2016இல் முடிவு வெளியானது: கப்பல் பாதையைத் தெற்கே 15 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 28 கிலோமீற்றர், தள்ளி வைத்தால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும். நெடுந்தூரம் ஓடும் கப்பலுக்கு இதனால் கூடும் தூரம் அற்பம். கரையோர மீனவருக்கும் நன்மை, விபத்து நடந்தால் எண்ணெய் கரை சேரும் அபாயமும் குறைவு.

2022இன் நடுவில் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே தள்ளிப் போகச் சொன்னது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இலாபக் கணக்குப் பார்க்கும் கம்பனியால் முடிந்தது, திமிங்கிலத்தைக் காட்டிச் சுற்றுலா விளம்பரம் செய்யும் நாட்டால் ஏன் முடியவில்லை?

100 மீற்றரின் மரியாதை

படகுகளைப் பற்றிப் பேசாமல் கப்பல்களை மட்டும் திட்டுவது நியாயமல்ல. விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2012இல் கடல் பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. அமுல்படுத்த வேண்டியது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது, சுற்றி வளைக்கக்கூடாது, பாதையை மறிக்கக்கூடாது. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. நடுக்கடலில் தூரத்தை அளக்கப்போவது யார்?

முன்னால் போய் மறிப்பதுதான் மிகக் கெட்ட பழக்கம். திமிங்கிலம் மேலே வருவது நமக்கு வால் காட்ட அல்ல; மூச்சு வாங்க. பல தடவை மூச்சு வாங்கி உடம்பை நிரப்பிக்கொண்டுதான் அது ஆழத்துக்கு இறங்கும். இரண்டாவது மூச்சிலேயே எஞ்சின் சத்தம் தலைமாட்டில் வந்து நின்றால் அரைகுறையாக முங்கும், அரைகுறையாகத் தின்னும். குட்டியோடு இருக்கும் தாய் என்றால் இழப்பு இரட்டிப்பு. திருகோணமலையில் 'திமிங்கிலத்தோடு நீந்தலாம்' என்று கூப்பிடும் படகுகளும் உண்டு. திணைக்களத்தின் அனுமதியின்றி அப்படி இறங்குவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எஞ்சினை அணைத்து, தள்ளி நின்று, பொறுமையாகக் காத்திருக்கும் ஓட்டிகளும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நட்டம் வருவது பயணிகளாகிய நம்மால்.

[பெட்டி] கரையில் ஒதுங்கியவை

மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம்: 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் அதே கரையோரத்தில் மீண்டும் 80க்கு மேல், 45 இறந்தன.

பாணந்துறை: 2020 நவம்பரில் சுமார் 120 பைலட் திமிங்கிலங்கள். கடற்படையினரும் ஊர் இளைஞர்களும் இரவு முழுதும் தண்ணீருக்குள் நின்று தள்ளிவிட்டார்கள். மிகச் சிலவே இறந்தன. கொரோனா ஊரடங்கு நாட்கள் அவை.

இரத்மலானை: 1963இல் ஒதுங்கிய ஓர் அலகுத் திமிங்கிலத்தைப் புதிய இனம் என்று பி.ஈ.பி. தெரணியகல எழுதினார். மற்றவர்கள் ஏற்கவில்லை. மரபணு ஆய்வு 2014இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

எக்ஸ்பிரஸ் பேர்ள்: 2021 மேயில் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்த கப்பல். அடுத்த வாரங்களில் 176 ஆமைகள், 20 ஓங்கில்கள், 4 திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்கியதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஆறு

'நாங்கள் மலைநாட்டார், எங்களுக்கென்ன கடல்?' என்று ஹந்தானையில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. கரையொதுங்கும் திமிங்கிலத்தின் வயிற்றைக் கிழித்து இறப்பின் காரணம் பார்க்கிற கால்நடை மருத்துவர் பெரும்பாலும் இந்த மலையடிவாரத்தில் படித்தவராகவே இருப்பார். நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதைவிட நெருங்கிய உறவு மகாவலி. ஹந்தானைச் சரிவின் ஓடைகள் பேராதனைப் பக்கம் மகாவலியில் விழுகின்றன. 335 கிலோமீற்றர் ஓடிய பிறகு அந்த ஆறு கடலில் கலப்பது கொட்டியாரக் குடாவில், திருகோணமலைக்குத் தெற்கே. குடாவின் வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆழம் சரிகிறது. டியூலிப் படகுக்காரர்கள் நீலத் திமிங்கிலத்தைக் கண்ட கடல் அது. கண்டி நகரின் குப்பை கொட்டப்படும் கோஹாகொட மேடு மகாவலிக் கரையில் இருப்பதையும், மெத ஏலவில் ஓடும் கறுப்பு நீர் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் கண்டி வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே நேர்கோடு போட்டுவிடக்கூடாது. பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று வழிநெடுக அணைகள் நிற்கின்றன. நம் வீட்டு ஷொப்பிங் பேக் நேரே திமிங்கிலத்தின் வாய்க்குள் போவதாகப் பயமுறுத்துவது அறிவியல் அல்ல. ஆனால் பெருமழை நாளில் மதகு திறந்தால் மிதப்பது எல்லாம் கீழே போகும். கோஹாகொடவைச் சீராக்குவது முதலில் நம் சொந்தக் குடிநீருக்காக. கொட்டியாரக் குடாவுக்குப் போவது அதற்கு மேல் கிடைக்கும் புண்ணியம்.

வான் ஏறுமுன்

இந்தப் பருவத்தில் கடலுக்குப் போகிறவர்கள் முன்பதிவு செய்யும்போதே மூன்று கேள்வி கேளுங்கள். திமிங்கிலத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? ஏற்கெனவே படகுகள் சூழ்ந்திருந்தால் அங்கே போவீர்களா, விலகுவீர்களா? திமிங்கிலம் தென்படாவிட்டால் என்ன செய்வீர்கள்? 'கட்டாயம் காட்டுவோம், தொடுகிற தூரத்தில் காட்டுவோம்' என்று சத்தியம் செய்கிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். படகில் "கிட்டப் போங்க" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். சித்திக்கு வால் வீடியோவை அனுப்பும்போது, இது பாயாது, ஆனால் இது நீலத் திமிங்கிலம் என்று சேர்த்து எழுதுங்கள்.

படகுகளைப் பயணிகள் திருத்தலாம். கப்பல்களைத் திருத்த முடியாது. தெவுந்தரப் பாதையை 15 கடல் மைல் தள்ளிவைக்கக் கோரும் விண்ணப்பத்தைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் கொடுக்க வேண்டியது கரைக்குச் சொந்தக்கார நாடான இலங்கைதான். ஆய்வு வெளிவந்தது 2016இல். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் உங்கள் மாவட்டத்துக்கும் இருக்கிறார்; அந்த விண்ணப்பம் எங்கே என்று அவரிடம் கேளுங்கள்.